அந்த மெஷினைக் கேளு

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் பெண்ணுக்குப் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அம்மாவப் பாத்துட்டு வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான். நாலு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். போன மாதம் முழுக்கப் போய்விட்டது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் போய் விசாரித்தால், லீவை நீட்டிக்கச் சொல்லியிருக்கிறாளாம். கடைக்காரர் என்னிடமே, "எப்ப வராங்க?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? சண்டை எதுவும் நடக்கவில்லை அத்தை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேசலாம். காரணமே தெரியாமல் எதைப் பேசுவது?

அது இருக்கட்டும். இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஆப்பிள் தோல் சீவும் மெஷின். உங்கள் பெண்ணுக்குக் காலையில் ஆப்பிள் வேண்டும், தோலோடு தொட மாட்டாள். உங்களுக்கோ விரல் மூட்டு வலி. கத்தியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சிரமப்படக்கூடாது என்றுதான் வீட்டில் இருந்ததையே கழற்றி அனுப்புகிறேன்.

மேஜை ஓரத்தில் மாட்டி, அடியில் இருக்கும் திருகை முறுக்கினால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு முனையில் மூன்று முள் இருக்கும். ஆப்பிளின் காம்புப் பக்கத்தை அதில் நடுவாகக் குத்துங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஆப்பிள் சுழன்றுகொண்டே முன்னால் போகும். முதல் பிளேடு தோலைச் சீவும். அடுத்து இருக்கும் வளையம் நடுவில் உள்ள கொட்டைப் பகுதியைத் தனியே எடுத்துவிட்டு, சதையை ஒரே சுருளாக வெட்டித் தரும். கொட்டைப் பகுதி முள்ளிலேயே குச்சி மாதிரி நிற்கும், அதைத் தட்டிவிட்டால் போதும். பழம் கெட்டியாக, உருண்டையாக இருக்கவேண்டும். கழுவிய பிறகு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

அவள் உங்களிடம் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

---

மார்ச் 9

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

பார்சல் வந்தது. உள்ளே உங்கள் கடிதம் இருப்பதைப் பார்ப்பதற்கு முன்னால் மெஷினைப் பார்த்துவிட்டேன். நூல் சுற்றும் மெஷின் என்று நினைத்தேன். தையற்காரிக்குக் கைப்பிடியைக் கண்டால் வேறென்ன நினைப்பு வரும்? மாப்பிள்ளைக்கு என் மேல் எவ்வளவு பிரியம் என்று உருகிப்போய், அந்த மூன்று முள்ளில் நூல்கண்டைக் குத்திச் சுற்றிப் பார்த்தேன். நூல் அறுந்துபோனதுதான் மிச்சம்.

கடிதத்தைப் படித்த பிறகு ஆப்பிளை வைத்தேன். எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. என் தையல் மெஷின் சக்கரத்தை என் பக்கமாகத்தான் சுற்றுவேன், இதையும் அப்படியே சுற்றினேன். ஆப்பிள் பின்னால் வந்தது. சரி, பலம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் வேகமாகச் சுற்றினேன். அடித் திருகை நான் சரியாக முறுக்கவில்லையோ என்னவோ, மெஷின் மேஜையை விட்டுக் கழன்று, ஆப்பிள் பறந்து, திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வந்திருந்த டீச்சரம்மா மடியில் போய் விழுந்தது. அந்தம்மா நல்ல மாதிரி. துடைத்துவிட்டு அதைத் தின்றுவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவள் வந்த நாளிலிருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தலையணை உறையெல்லாம் மடித்துக் கொடுக்கிறாள், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." ஒன்றுமில்லாததற்கு யாராவது வாழப்போன வீட்டை விட்டு வருவார்களா?

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கு வேறு யாராவது பழக்கமா? குடியா? உங்கள் அம்மா ஏதாவது சொல்லிவிட்டார்களா?

ஒன்று சொல்லவேண்டும். மெஷினை மேஜை மேல் பார்த்ததும் இவள் முகம் மாறிப்போனது. "இதையுமா அனுப்பிட்டாரு?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் விடவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "என்னதான்டி நடந்துச்சு, சொல்லித் தொலை" என்றேன். அவள் கதவைத் திறந்து, எனக்குக் கேட்கவேண்டுமே என்று என் காதருகில் வந்து சொன்னாள்: "என்னை எதுக்கும்மா கேக்குற? அந்த மெஷினைக் கேளு."

மெஷினை எப்படிக் கேட்பது? கேட்டால் அதற்கு வாய் இருக்கிறதா, இருந்தாலும் என் காதில் விழப்போகிறதா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் எழுதுங்கள்.

அத்தை

---

மார்ச் 13

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கேட்டதில் எதுவும் இல்லை. வேறு யாரும் இல்லை. குடியும் இல்லை. அம்மா இங்கே வந்தே ரொம்ப நாளாகிறது, வந்தாலும் அம்மாவும் அவளும் சேர்ந்து என்னைத்தான் குறை சொல்வார்கள்.

"மெஷினைக் கேளு" என்றாளா? அதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது. சீவும் பிளேடு லேசாக மொக்கையாகியிருந்தது. தோல் அங்கங்கே நின்றுவிடும். ஒருநாள் நான் கிளம்பும் நேரத்தில் அவள் தட்டில் இருந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வைத்துவிட்டாள். அன்றைக்கே கவனித்திருக்கவேண்டும். என்னைப் போல ஒரு லிப்ட் மெக்கானிக் வீட்டில் இப்படி ஒரு மெஷின் இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? புதுப் பிளேடு இத்துடன் வைத்திருக்கிறேன். சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, பழையதை எடுத்துவிட்டு மாட்டுங்கள். கைப்பிடியை உங்கள் பக்கமாக இல்லை, மேலிருந்து முன்னால் தள்ளிச் சுற்றவேண்டும். எழுதாமல் விட்டது என் தவறுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன் அத்தை, அந்த மெஷினே அவளுக்காக வாங்கியதுதான். முன்பெல்லாம் காலையில் சின்னக் கத்தியால்தான் சீவுவேன். எனக்கு அவ்வளவு வேகம் வராது. மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம், நான் பாட்டுக்குச் சீவிக்கொண்டிருப்பேன், டீ ஆறிப்போகும். "இன்னும் சீவி முடிக்கலையா? எனக்கு பஸ் போயிடும்" என்று அவளேதான் நச்சரிப்பாள். எனக்கும் வேலைக்கு நேரமாகும். கடையில் இந்த மெஷினைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். அப்புறம் எல்லாம் சுளுவாகிவிட்டது. சமையலறையில் நின்றபடியே சுற்றி, தட்டில் போட்டு வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். அவளும் நேரத்துக்குப் போனாள். இதில் என்ன குறை?

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு என் மனசெல்லாம் ஒரு சோபாவிலேயே இருந்தது. ஒருவர் புது சோபாவை லிப்டில் ஏற்றிக்கொண்டு போகும்போது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். நாங்கள் கதவை நெம்பித் திறந்தால், மனிதர் சோபாவில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பினால் நம்மைப் பார்த்துக் கோபப்படுகிறார். அதற்கப்புறம் நடந்தது இன்னும் கூத்து, அதை விடுங்கள். அந்த நினைப்பிலேயே வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். அவ்வளவுதான்.

பிளேடை மாற்றிவிட்டு அவளுக்கு ஒரு பழம் சீவிக் கொடுங்கள். என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.

மாப்பிள்ளை

---

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

பிளேடு கிடைத்தது. நீங்கள் சொன்ன மாதிரியே மாட்டினேன். பழைய பிளேடுக்கு ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சரியான பக்கம் சுற்றியதும் சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது. தோல் அறுந்துபோகாமல் நாடா மாதிரி நீளமாக இறங்குகிறது. நான் துணியை மூட்டிவிட்டு ஓரம் கத்தரித்தால் அப்படித்தான் விழும். மெஷின் எனக்குப் பிடித்துவிட்டது, அதைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் ஆப்பிள்காரர் என்னைக் கண்டாலே வண்டியை நிறுத்துகிறார்.

உங்கள் கடிதத்தைத் துணிக் கட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இவள் கண்டுபிடித்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். பிளேடு அனுப்பியிருக்கிறேன் என்ற இடம் வந்ததும் சிரித்தாள். நான் வெகுநாளாகப் பார்க்காத சிரிப்பு. அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பா அழுகையா என்று ஒன்றாவது நிச்சயமாக இருக்கவேண்டாமா? கடைசி வரை படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அந்த சோபாக்காரருக்கு அப்புறம் என்ன ஆச்சாம்?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? புருஷனை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரான் சோபாவைப் பற்றி என்ன கவலை?

நிற்க. இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி ஒரு பழத்தைச் சீவி, சுருளைப் பிரித்துத் தட்டில் அழகாக வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை. எழுந்துபோய்க் கூடையிலிருந்து வேறொரு ஆப்பிளை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். அப்படியே, தோலோடு, நறுக்கென்று கடித்தாள். கொட்டை மட்டும்தான் மிச்சம்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மாப்பிள்ளை, இவள் சின்ன வயதிலிருந்தே ஆப்பிளைத் தோலோடுதான் தின்பாள். நான் சீவிக் கொடுத்தால், "தோலை ஏம்மா தூக்கிப் போட்ட?" என்று அழுவாள். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியபோது, கல்யாணத்துக்கப்புறம் பழக்கம் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மாறவில்லை. உங்களிடம் தோல் வேண்டாம் என்று எப்போது சொன்னாள்? எதற்குச் சொன்னாள்? அவளைக் கேட்டேன். "அது வேற" என்கிறாள். ஆப்பிள் தோலில் என்ன வேறு?

யார் யாரை ஏமாற்றுகிறீர்கள் என்றே தெரியவில்லை.

அத்தை

---

மார்ச் 23

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்கே போகவில்லை.

தோலோடு தின்கிறாளா? அப்படியானால் இத்தனை வருஷமாக நான் செய்தது என்ன? காய்ச்சல் வந்தபோதுகூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து சீவியிருக்கிறேன். விரலை வெட்டிக்கொண்டு கட்டுப் போட்டுக்கொண்டு சீவியிருக்கிறேன். எல்லாம் வீண் வேலையா? அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாளா?

கல்யாணமான புதிதில்தான் இது ஆரம்பித்தது. எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு உங்கள் வீட்டு மின்விசிறி சத்தம் போடுவதைப் பற்றி மட்டும்தான் பேசினேன். முதல் வாரம் காலையில் இருவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. அவள் ஒரு ஆப்பிளை எடுத்தாள், கடிக்கப் போனாள், நிறுத்தினாள். "எனக்குத் தோலோட பிடிக்காது. சீவித் தரீங்களா?" என்று கத்தியை என் பக்கம் தள்ளினாள். கையில் ஒரு வேலை வந்ததும் எனக்கு உயிர் வந்தது. சீவிக்கொண்டே, முந்தின நாள் லிப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மாவையும் அவருடைய பூனையையும் பற்றிச் சொன்னேன். அவள் நன்றாகக் கேட்டாள். அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் சீவினேன்.

அதுவே பொய் என்றால் மற்றதில் எதை நம்புவது? பிடிக்காததைப் பிடிக்கும் என்றும், பிடித்ததைப் பிடிக்காது என்றும் சொல்கிறவளிடம் நான் எப்படிக் குடும்பம் நடத்துவது? என்னை நன்றாக முட்டாளாக்கியிருக்கிறாள். எனக்கு ரொம்ப வலிக்கிறது அத்தை.

திரும்பி வருகிறாளா இல்லையா என்று அவளையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதட்டும். மிச்சத் துணிமணிகளைக் கட்டி அனுப்பிவிடுகிறேன். மெஷினை அவளே வைத்துக்கொள்ளட்டும். சீவித் தின்னட்டும், சீவாமல் தின்னட்டும்.

மாப்பிள்ளை

---

மார்ச் 28

மாப்பிள்ளைக்கு,

அவசரப்பட்டுத் துணிமணிகளைக் கட்டாதீர்கள்.

இந்தத் தடவை உங்கள் கடிதத்தை நான் ஒளிக்கவில்லை. நேராக அவள் கையில் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்துப்போனது. "முட்டாளாக்கணும்னு இல்லம்மா" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் பாதிதான் கேட்டது. "சத்தமா சொல்லு" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "இன்னும்" என்றேன். கடைசியில் அவள் கத்தியே சொன்னாள். மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு கையில வேலை இருந்தாத்தாம்மா பேசுவாரு. கத்தியால சீவுற வரைக்கும்தான் எங்க வீட்டுல பேச்சு. அதுக்காகத்தான் தோல் பிடிக்காதுன்னு சொன்னேன். சீக்கிரம் சீவுங்கன்னு சொல்றது சும்மா, அவரு இன்னும் மெதுவா சீவுவாரு. அந்த மெஷின் வந்ததுல இருந்து தட்டுல ஆப்பிள் இருக்கு, ஆளைக் காணோம். ராத்திரி வந்தா சாப்பிட்டுப் படுத்துடுறாரு. எவ்வளவு நாள் நானும் அந்தத் தட்டைப் பாத்துக்கிட்டே இருக்கிறது?"

"இதை அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானடி" என்றேன்.

"என்னன்னு சொல்றது? நீங்க வாங்கிக் குடுத்த மெஷின் நல்லா வேலை செய்யுது, அதான் கோவிச்சுக்கிட்டுப் போறேன்னா? கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

நான் சிரிக்கவில்லை. முதலில் எரிச்சல்தான் வந்தது. இதற்கா இத்தனை நாள் வேலையை விட்டு, வீட்டை விட்டு வந்து உட்கார்ந்தாய் என்று திட்டினேன். அப்புறம் என் தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களிடம் நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இருந்து வாங்கிக்கொண்டு போகிறேன் என்று உட்கார்கிறவர்கள்தான் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்கள். அதில் பாதி என் காதில் விழாது, ஆனாலும் அவர்கள் இருக்கும்போது வேலை நன்றாக ஓடும். அந்த டீச்சரம்மா அன்றைக்கு அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

முழுவதும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆப்பிளுக்காக வீட்டை விட்டு வந்தவளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிரிந்துபோனவளைத் திரும்ப அழைக்க அதே மெஷினைப் பார்சல் கட்டி அனுப்பிய புருஷனையும் பார்த்ததில்லை. உங்கள் இருவருக்கும் நல்ல ஜோடிப் பொருத்தம். எனக்கு வருத்தமெல்லாம் இதுதான்: பேச்சுக்கு ஏங்கி வீட்டை விட்டு வந்தவள், போயும் போயும் காது கேட்காதவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இங்கே நான் அவளுக்கு என்ன துணை?

ஒரு வரி எழுதச் சொன்னேன். எழுத மாட்டாளாம். எழுதினால் நீங்கள் பதில் எழுதுவீர்களாம், அது அவளுக்குப் போதாதாம்.

ஆகவே நீங்களே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அன்றைக்கு எனக்குத் தையல் கிடையாது. கத்தியைக் கொண்டுவாருங்கள். என் வீட்டில் இருப்பது துணி வெட்டும் கத்தரிக்கோல் மட்டும்தான், அதை நான் யாருக்கும் தர மாட்டேன். ஆப்பிள் இங்கே ஒரு கூடை இருக்கிறது.

மெஷினைத் திருப்பித் தரமாட்டேன். தனியாக இருக்கிறவளுக்கு அரை நிமிஷத்தில் முடிந்தால் நல்லதுதான்.

அத்தை

---

ஏப்ரல் 1

அன்புள்ள அத்தைக்கு,

ஞாயிறு காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். போன கடிதத்தில் துணிமணிகளைப் பற்றி எழுதியதை மறந்துவிடுங்கள். அவளையும் மறக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னமும் பாதிதான் பிடிபடுகிறது. லிப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் மணியை அடிப்பார்கள், நான் ஓடுவேன். வீட்டில் அவள் மணியே அடிக்கவில்லையே. இல்லை, அடித்துத்தான் இருக்கிறாள். அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் பிளேடு கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு குழப்பம். தோல் பிடிக்காதவளுக்குச் சீவினேன், அதில் ஒரு நியாயம் இருந்தது. தோலோடு தின்பவள் என்று தெரிந்த பிறகு எப்படி எதிரே உட்கார்ந்து சீவுவது? சீவிக் கொடுத்தால் சாப்பிடுவாளா? அவளைக் கேட்டு எழுதுங்கள். வேண்டாம், கேட்காதீர்கள். வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சோபாக்காரரின் மீதிக் கதையைக் கேட்டாளாமே. அதை இதில் எழுதப்போவதில்லை.

சின்னக் கத்தியைப் பையில் வைத்துவிட்டேன். முன்பெல்லாம் அடிக்கடி தீட்டிவைப்பேன். மெஷின் வந்த பிறகு தொடவே இல்லை, மொக்கையாகிக் கிடக்கிறது. ஒரு பழம் சீவுவதற்குள் பொழுது போய்விடும். தீட்டலாம் என்று கல்லை எடுத்துத் தண்ணீர்கூடத் தெளித்துவிட்டேன். அப்புறம் கல்லைத் துடைத்துத் திரும்பவும் உள்ளே வைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை